சட்டத் திருத்தம்

கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் ஒரு லேத்துப் பட்டறைக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை, முதுகுப் பைக்கு ஒரு சட்டம் செய்ய. இரண்டாம் தடவை, ஆறு வாரம் கழித்து, அதை அறுத்து எடுக்க. மூன்றாம் தடவை, முப்பத்தாறு வருஷம் கழித்து, மறுபடி செய்ய. பிழைப்பு நீதிமன்றத்தில், தட்டச்சராகச் சேர்ந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். ஆனாலும் ஒரு சட்டம் பிறப்பதையும் நீக்கப்படுவதையும் திருத்தத்தோடு திரும்பி வருவதையும் முழுசாகப் பார்த்தது அந்தப் பட்டறையில்தான்.

முதல் சட்டத்துக்கு மூலம் ஒரு வெள்ளைக்காரர். 1986 கடைசியில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுவரில் சாய்த்திருந்தது அவருடைய பை. ஆரஞ்சு நிறம், அதன் முதுகில் ஏணி மாதிரி ஒரு அலுமினியக் குழாய்ச் சட்டம். ஆளில்லாமலே நிமிர்ந்து நின்றது அந்தப் பை. அதுவரை நான் பார்த்த பைகளெல்லாம் கீழே வைத்தால் படுத்துக்கொள்கிற ஜாதி. என்னிடம் சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலும் எப்போதும் உண்டு. அவர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வரைந்துவிட்டேன்: இரண்டு நெடுங்குழாய், நாலு குறுக்குக் குழாய், தோள் வார் இரண்டு, அடியில் இரண்டு பக்கமும் தொங்கிய அகலமான பட்டை.

அந்தப் பட்டைதான் விளங்கவில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். என் ஆங்கிலம் அந்தக் காலத்தில் மனுவிலும் பிரமாணப் பத்திரத்திலும் மட்டும்தான் ஓடும்; 'மேற்படி பட்டையானது' என்று ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தது.

பட்டறைக்காரர் ஐம்பது வயதுக்காரர். வாயில் வெற்றிலை, காதில் ஒரு துண்டு சாக்கட்டி. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுங் தம்பி, அடியில வாலாட்டம்?"

"அது சும்மாங், அழகுக்கு."

"அழகுக்குங்களா" என்று சிரித்தார். மில்லில் ஒயரிங்குக்குப் போடுகிற கறுப்புக் கண்டியூட் பைப்பில் அளவெடுத்து வளைத்தார். நாளைக்கு வாங்க என்றார். மறுநாள் போனபோது சட்டம் தயார். வரைந்த படியே இருந்தது, ஒன்றைத் தவிர. வால் தொங்கிய இடத்தில், இரண்டு நெடுங்குழாயின் அடியிலும் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒவ்வொரு இரும்பு வளையம் பற்ற வைத்திருந்தார். "படத்துல என்னமோ மாட்டிருக்குதுங்களே. வளையம் இருந்துட்டுப் போகுது. எதுக்காச்சும் ஆகும்."

உக்கடத்தில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் கித்தான் பை தைத்து வாங்கி அதில் கட்டினேன். மளிகைக்கடைத் தராசில் வெறும் பையையும் சட்டத்தையும் நிறுத்தபோது 2 கிலோ 900 கிராம். கடைக்காரர் ஒரு சின்ன வெல்லத் துண்டு போட்டு மூன்றாக்கட்டுமா என்று கேட்டார்.

1987 பொங்கல் விடுமுறையில் நாலு பேர் கிளம்பினோம். கொடைக்கானலிலிருந்து பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷன், அங்கிருந்து குரங்கணி இறங்கி போடி. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ், அலுமினியக் குண்டா, ஜமுக்காளம், கம்பளி, மூன்று செல் டார்ச், ஒரு குடை. என் பங்கு பதினெட்டு கிலோ தாண்டியது. வளையங்கள் உடனே உபயோகப்பட்டன: ஒன்றில் எவர்சில்வர் டம்ளர், இன்னொன்றில் செருப்பு. நடக்கும்போது டம்ளர் குழாயில் அடித்துக் கோயில் மணி மாதிரி கேட்டுக்கொண்டே வந்தது. யானை இருந்தால் ஒதுங்கிப் போகும் என்று நண்பர்கள் அதை அவிழ்க்க விடவில்லை.

அந்தச் சட்டம் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். மேல் குறுக்குக் குழாய் பிடரியைத் தட்டியது. கீழ்க் குறுக்குக் குழாய் இடுப்புக்கு மேலே, சதையில்லாத இடமாகப் பார்த்து உரசியது. பாரம் முழுக்க இரண்டு தோள் வாரில் தொங்கியது. முதல் நாள் சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் இரண்டு தோளிலும் விரல் அகலத்துக்குச் செவ்வரி. கீழே வைத்துவிட்டால் ஒற்றை ஆளாக மறுபடி முதுகில் ஏற்ற முடியாது. ஒருவர் பின்னாலிருந்து தூக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். கருவோடு இறந்துபோன பெண்ணின் நினைவுக்கு வைப்பார்கள். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் உதவியில்லாமல் பாரத்தை அப்படியே அதன்மேல் நகர்த்தி, இளைப்பாறி, அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த மலையில் ஒரு கல் கண்ணில் படாதா என்று ஏங்கினேன். இரண்டு நட்ட கல், மேலே ஒரு குறுக்குக் கல். அதுவும் ஒரு சட்டம்தான் என்பது அன்று தோன்றவில்லை. தரையில் நின்று பாரம் தாங்குகிற சட்டம். என் முதுகில் இருந்தது எதன்மேலும் நிற்காத சட்டம்.

டாப் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை. ரயிலே வராத ஊருக்கு ஸ்டேஷன் என்று பேர். ஒரு காலத்தில் வந்தது: மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அங்கே கொண்டுவந்து சேர்க்கும், அங்கிருந்து பெட்டிகள் இரும்புக் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் போடிநாயக்கனூர். 1924 வெள்ளத்தில் ரயில் அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் மலைமேல் நிற்கிறது. இறங்குகிற வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு ஊரும் உண்டு. தேயிலைகூடச் சுகமாகக் கம்பியில் இறங்கிய மலையை நான் இரும்புக் குழாயைச் சுமந்துகொண்டு இறங்கினேன்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு வளைவில், தலையில் சும்மாடும் அதன்மேல் மூட்டையுமாக ஏறி வந்த ஒரு பெரியவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டு மரியாதையாகவே கேட்டார்: "ஏணி எங்கிட்டுக் கொண்டு போறீக?"

கோயமுத்தூர் திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். அறுத்துவிடுங்கள் என்றேன். தோள் வாரை நேராகப் பையிலேயே தைத்துக்கொண்டால் போதும், சட்டம் எதற்கு. அவர் வாதாடவில்லை. பையின் வார்க்கட்டைப் பிடித்திருந்த நாலு கொக்கியையும் ஹேக்ஸா பிளேடால் அறுத்துச் சட்டத்தைத் தனியே எடுத்தார். காசு வாங்கவில்லை. "பைப்பு நல்லாருக்குதுங் தம்பி, எறிஞ்சராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

எறியவில்லை. அம்மா அதை வாங்கிக் கொல்லையில் நட்டுப் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள். கொடிக்கு அது பிரமாதமாகப் பொருந்தியது. நாலு குறுக்குக் குழாயும் படிப்படியாக. அம்மா காலத்துக்குப் பிறகு சட்டமும் கொடியும் என் மனைவிக்கு வந்து சேர்ந்தன.

அடுத்த முப்பது வருஷத்தைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். கித்தான் பை எலி கடிக்கும்வரை வந்தது. அப்புறம் சந்தையில் வாங்கிய நைலான் பைகள். வெள்ளியங்கிரி ஏழு மலைக்கும் ஒரு மஞ்சள் பையும் மூங்கில் தடியும் போதும், சதுரகிரிக்கும் அப்படியே. கல்யாணம், குழந்தைகள், கோப்புகள். ஓய்வு வயதை அரசு 58லிருந்து 59 ஆக்கியது, அடுத்த வருஷமே 60 ஆக்கியது. அந்த இரண்டு திருத்தத்திலும் மாட்டிக்கொண்டு 2022இல் வெளியே வந்தேன்.

அப்போதுதான் என் அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தான். சான் ஹோசேயில் வேலை. சனி ஞாயிறில் மலை. ஓய்வுப் பரிசாக ஒரு பையை என் கையில் வைத்தான். வைத்தான் என்பதுகூடச் சரியில்லை. கையில் ஏதோ இருப்பதாக உணர்ச்சியே இல்லை. 520 கிராம். ஐம்பது லிட்டர் கொள்ளும். துணி வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. உள்ளே சட்டம் இல்லை, கம்பி இல்லை, ஒரு அட்டைகூட இல்லை.

"ஃபிரேமே கிடையாது மாமா. அதுதான் விசேஷமே."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 1987இல் கணபதியில் நான் செய்ததைத்தான் அமெரிக்காக்காரன் இப்போது கண்டுபிடித்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன். மருமகன் அந்தச் சரித்திரத்தையும் சொன்னான். ரே ஜார்டின் என்பவர் பசிபிக் கிரெஸ்ட் நெடும்பாதையை நடந்து 1992இல் ஒரு கையேடு எழுதினார். தன் பையைத் தானே தைத்துக்கொள்கிறவர். கொண்டுபோகும் சாமானைக் குறைத்துவிட்டால் சட்டமும் வேண்டாம், இடுப்பு வாரும் வேண்டாம் என்பது அவர் கட்சி. அவருக்கும் முன்னால் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. பதினொரு பிள்ளை பெற்றவர், 1955இல் 67 வயதில், தானே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் ஷூவோடு, அப்பலாச்சியன் நெடும்பாதையின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரை ஒற்றையாக நடந்து முடித்தார். பாட்டியின் பை எனக்குப் புரிந்தது. மஞ்சள் பை வம்சம்.

இந்தக் கட்சியில் சேர்ந்தவனுக்கு முதலில் வருவது தராசுப் பைத்தியம். சமையலறையில் மைதாவுக்கு வைத்திருந்த டிஜிட்டல் தராசு என் அறைக்கு வந்தது. காலுறை 62 கிராம். டார்ச் 88. பல்துலக்கியின் காம்பைப் பாதியாக அறுத்தேன்: 7 கிராம் மிச்சம். சட்டைக் காலரில் இருந்த கம்பெனிச் சீட்டைப் பிய்த்து நிறுத்தால் தராசு பூஜ்யம் காட்டியது; அதையும் லாபக் கணக்கில் எழுதினேன். மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மூக்குக் கண்ணாடிய நிறுத்தாச்சுங்களா?"

"ஆச்சு. 31."

"வகுத்த நிறுத்தீங்களா?"

அதற்கு அந்தத் தராசு போதாது. ஐந்து கிலோவுக்கு மேல் அது எழுத்தைத்தான் காட்டும்.

2022 அக்டோபரில் ஹர் கி தூன் போனேன். உத்தராகண்டில், சங்க்ரியில் ஆரம்பித்து தாலுகா, கங்காட், ஓஸ்லா என்று ஆற்றோடு ஏறிப் போகிற பள்ளத்தாக்கு. முடிகிற இடம் சுமார் 3,500 மீட்டர். கோவேறு கழுதையில் சுமை ஏற்றிவிடலாம் என்றார்கள். 520 கிராம் பைக்காரன் கழுதை ஏற்றுவதா. என் பையை நானே தூக்குவேன் என்றேன். குளிருக்குத் தூங்குபையும் இறகுச் சட்டையும் கம்பளியும் சேர்ந்தபோது மொத்தம் 12 கிலோ ஆனது. அதில் பல்துலக்கியால் ஆன மிச்சம் ஏழு கிராம்.

இரண்டாம் நாள் மத்தியானம் பை தன் சுயரூபத்தைக் காட்டியது. உள்ளே எலும்பில்லாத பை பாரம் ஏறியதும் குறுகும். ஆர்மோனியத் துருத்தி மடிகிற மாதிரி முதுகில் மடிந்து இறங்கும். இடுப்பு வார் இதில் உண்டு. இறுக்கினால் வார் இடுப்பைப் பிடித்தது, பை வாரைப் பிடிக்கவில்லை. பாரம் முழுக்கத் தோளிலேயே. ராத்திரி ஓஸ்லாவில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைபேசியில் முதுகைப் படமெடுத்துப் பார்த்தேன். இரண்டு தோளிலும் விரல் அகலத்துக்குச் செவ்வரி. அதே இடம். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் எல்லைக் கல் நகரவில்லை.

வழிகாட்டி சங்க்ரிப் பையன். மறுநாள் காலையில் என் பையை ஒன்றும் பேசாமல் வாங்கினான். எல்லாவற்றையும் வெளியே எடுத்தான். என்னுடைய இரண்டு நடைக்கம்பையும் மடக்கிச் சுருக்கி, பைக்குள் முதுகுப் பக்கமாக நெட்டுக்குத்தாக நிறுத்தினான். அடிமுனைகள் இடுப்பு வார் தைத்த இடத்துக்கு நேராக வருகிற மாதிரி துணியைச் சுற்றி முட்டுக்கொடுத்தான். மேல்முனைகளைத் தோள் வார் ஆரம்பிக்கிற இடத்தில் கயிற்றால் கட்டினான். மறுபடி சாமானை அடுக்கி, வாரை இடுப்பெலும்பின் மேல் ஏற்றிப் பூட்டினான். தோளிலிருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. நடைக்கம்பு இல்லாமல் நடக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

அன்று முழுக்க நடக்கையில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு ஞாபகம். தோளிலிருந்து பாரத்தை எடுத்து இடுப்பெலும்பில் உட்கார வைப்பதுதான் சட்டத்தின் உத்தியோகம். எடுத்துக்கொடுக்கச் சட்டம், வாங்கிக்கொள்ள வார். ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று வெட்டி. 1952இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டப் பை செய்து விற்க ஆரம்பித்தார். அவர் செய்ய, மனைவி நீனா தைத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் மலையில் அவரும் ஒரு நண்பரும் நடந்தபோது, சட்டத்தின் அடிமுனைகளைக் கால்சட்டையின் பின்பைகளில் செருகிக்கொண்டதும் தோள் லேசாகிப் போனதாம். இடுப்பு வார் அப்படிப் பிறந்த கதையாகச் சொல்கிறார்கள். நான் அந்த வாரைத்தான் படத்தில் வரைந்து, அழகுக்கு என்று சாட்சி சொன்னவன். 1987இல் என்னிடம் வாரில்லாத சட்டம் இருந்தது. சட்டத்தைக் குற்றவாளியாக்கி அறுத்தேன். 2022இல் சட்டமில்லாத வார்.

திரும்பி வந்ததும் திருத்த வேலை ஆரம்பமானது. முதலில் செலவில்லாத வழி: படுக்கும் ஃபோம் பாயை நாலாக மடித்து முதுகுப் பக்கம் திணித்தேன். எட்டுக் கிலோவரை தாங்கியது, அதற்குமேல் அதுவும் பையோடு சேர்ந்து குனிந்தது. அடுத்தது கார்பன் ஃபைபர். ட்ரோன் சாமான் விற்கிற கடையில் எட்டு மில்லி விட்டமுள்ள குழாய் வாங்கினேன். அறுபது சென்டிமீட்டர் துண்டு இருபத்தோரு கிராம். இதைவிட என்ன வேண்டும் என்று இரண்டைச் செருகிக்கொண்டு மருதமலைப் படியேறி, மண்டபத்தில் பையைக் கல் திண்ணையில் சாய்த்து, அதன்மேல் நானும் சாய்ந்தேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். கார்பன் நெட்டுக்குத்தான பாரத்துக்குச் சிங்கம். குறுக்கே நசுக்கினால் சிராய் சிராயாகப் பிளக்கும். பையில் ஒரு துளை, முதுகில் இரண்டு சிராய். மனைவி ஊக்கால் எடுத்தாள். எடுத்ததைத் தராசில் வைக்கட்டுமா என்று கேட்டாள்.

ஆக, கணபதி. 2023 ஜனவரி.

பெரியவர் இல்லை, காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகன் நடத்துகிறார். லேத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்த மெஷின் ஒன்று. பையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எஸ்.எஸ்.ல போட்டுடலாமுங் சார். ஆயுசுக்கும் துருப்புடிக்காது."

"கனம்?"

"கனமாத்தானுங் இருக்கும். கனமிருந்தாத்தானே ஸ்ட்ராங்கு."

கோயமுத்தூர்ப் பட்டறையில் ஒரு பொருளைக் கனமில்லாமல் செய்யச் சொல்வது, கல்யாணப் பந்தியில் பாதி இலை கேட்கிற மாதிரி. அலுமினியம் என்று நான் பிடிவாதம் பிடித்ததும் ஜன்னல் செக்‌ஷன் துண்டு ஒன்றை எடுத்து வளைத்துக் கொடுத்தார். 6063 ரகம், சொன்னபடி கேட்கும், யார் சொன்னாலும் கேட்கும். பத்துக் கிலோ ஏற்றியதும் பாரம் சொன்னதைக் கேட்டுப் புது வடிவம் எடுத்துக்கொண்டது. கடைசியில் 6061 டி6 ஃபிளாட்: பன்னிரண்டு மில்லி அகலம், மூன்று மில்லி கனம், அறுபது சென்டிமீட்டர் நீளம். ஒன்று 58 கிராம். அதே அளவில் இரும்பென்றால் 170 வரும். இது முறுக்கான சாதி. அவசரப்பட்டுச் சின்ன வட்டத்தில் மடக்கினால் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழையாக விரியும். முதல் ஃபிளாட் அப்படித்தான் வீணானது.

வளைப்பதற்கு அச்சு வேண்டும். அச்சு என் முதுகு. அறுபது வயதில், தைக் குளிரில், பட்டறை நடுவில் பனியனோடு நிற்கிறேன். தலையைக் குனியச் சொல்லி, கழுத்தடியில் துருத்துகிற எலும்பில் சாக்கட்டியால் ஒரு புள்ளி. இடுப்பெலும்பின் உச்சியில் இரண்டு கையையும் வைக்கச் சொல்லி, கட்டைவிரல்கள் சந்திக்கிற இடத்தில் இன்னொரு புள்ளி. நடுவில் 46 சென்டிமீட்டர்; அதுதான் பைக்கணக்கில் என் உயரம். மீதி உடம்பு கணக்கிலேயே இல்லை. பிறகு பற்றவைக்கிற ஈயக்கம்பியைத் தடிமனாக முறுக்கி, முதுகெலும்போடு அமுக்கிக்கொண்டே இறங்கினான் வேலைப் பையன். எடுத்துத் தரையில் வைத்தால் என் முதுகு அங்கே படுத்திருந்தது: மேலே கூனல், கீழே குழிவு. ஆர்டர் வாங்க வந்த ஒருவர் என்ன பாகம் என்று விசாரித்தார்.

"சாரோட முதுகுங்" என்றான் பையன்.

கம்பியைப் பார்த்து வைஸில் கொடுத்து, மரக்கட்டை வைத்துச் சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளைத்தார்கள். மேல்முனையை மட்டும் முதுகிலிருந்து லேசாக வெளியே திருப்பினோம். இல்லாவிட்டால் அண்ணாந்து பார்க்கும்போது பிடரியில் இடிக்கும். அது எனக்கு 1987இலேயே தெரிந்த பாடம். முனைகளை அரத்தால் உருட்டி, நாற்காலிக் காலுக்குப் போடுகிற ரப்பர் புஷ் மாட்டினோம். காந்திபுரத்தில் பெட்டி ரிப்பேர் செய்கிறவரிடம் போய், கார் சீட் பெல்ட் நாடாவால் உள்ளே இரண்டு உறை தைக்கச் சொன்னேன். அவர் பைத்துணியை விரலால் தேய்த்துப் பார்த்து, இது துணியா காகிதமா என்று கேட்டார். இடுப்பு வாரும் மெலிசு என்று அவரே ஃபோம் வைத்துத் தடியாகத் தைத்துக் கொடுத்தார்.

கணக்கு: பை 520. ஃபிளாட் இரண்டும் 116. மேலே ஒரு குறுக்குச் சட்டம் 40. புஷ், ரிவெட்டு 18. நாடா, உறை 92. புது வார் 174. ஆக 960 கிராம். படத்தை மருமகனுக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: "சூப்பர் மாமா. ஆனா இதே வெயிட்ல ஃபிரேமோடவே கடையில கிடைக்குதே." அப்புறம்தான் சொல்கிறான், சட்டமில்லாத பை விற்ற கம்பெனிகள் பலவும் வளைவுக் கம்பியைத் திரும்பச் சேர்த்துவிட்டனவாம். திருத்தம் மேலிடத்திலேயே அமலுக்கு வந்துவிட்டது. கீழ்க்கோர்ட்டுக்குத் தகவல் தாமதம்.

இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பழைய பாதையில் போய்ப் பார்க்கலாம் என்றால் அது முடியாது. பேரிஜத்திலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற சாலை பொதுமக்களுக்கு எப்போதோ மூடியாயிற்று. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் நடைக்காரர்கள் இறந்தபின், அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, வர வேண்டியவைதான். 2024 அக்டோபரில் அரசே 40 தடங்களைத் திறந்து ஆன்லைனில் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தது. நானும் பதிந்து ஒரு தடம் போனேன். காலையில் ஏறி மத்தியானத்தில் இறங்குகிற நடை. வழிகாட்டி என் பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி பாட்டில் போதுமுங்களே சார்" என்றார். ஐம்பது லிட்டர் பையில் ஒரு லிட்டர் தண்ணீர். சட்டம் கம்பீரமாக நின்றது.

இன்னொன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். ஃபிளாட் வளைக்கும் முன், குறுக்குச் சட்டம் எத்தனை அகலத்தில் வர வேண்டும் என்று ஒரு பேச்சு வந்தது. பழைய சட்டம் ஒன்று வீட்டில் இருக்கிறது, உங்கள் அப்பா செய்தது என்றேன். மகன் வேலையை நிறுத்திவிட்டார். "எங்கப்பா பண்ணுனதுங்களா? கொண்டாங் சார், பார்க்கலாம்."

வீட்டில் அது லேசில் ஆகிற காரியமில்லை. சட்டத்தில் பாகற்கொடி பிஞ்சு விட்டிருந்தது. மனைவி ஒவ்வொரு சுருளாகப் பிரித்துத் தரையில் கிடத்தி, சாயங்காலத்துக்குள் வர வேண்டும் என்று கெடு வைத்தாள்.

பட்டறையில் மகன் அதைத் துணியால் துடைத்தார். கறுப்புப் பூச்சு போய்த் துரு ஏறியிருந்தாலும் ஒரு பற்றும் விடவில்லை. விரலால் ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டே வந்தவர் அடியில் நின்றார். வளையம் இரண்டிலும் காய்ந்த கொடிச் சுருள் முறுக்கிக் கிடந்தது. பிய்த்தார்.

"இது பெல்ட்டுக்குங்களே சார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இடம் பாருங், கரெக்டா இடுப்பெலும்புக்கு வருது. அப்பாவுக்கு இதெல்லாம் யாருங் சொன்னாங்க?"

நான் வரைந்ததுதான் என்றேன். அது உண்மைதான்.

பையன் மிச்சமிருந்த சீட் பெல்ட் நாடாவை இரண்டு வளையத்திலும் கோத்தான். ஒரு சிமெண்ட் சாக்கில் லேத்துச் சுருளை அள்ளிப் போட்டு, சட்டத்தில் வைத்துக் கட்டினான். பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து என் முதுகில் ஏற்றினார்கள். நாடாவை இழுத்து முடிச்சிட்டேன். பாரம் இடுப்பில் உட்கார்ந்தது. தோள் வார் கட்டவே இல்லை. இரண்டு கையும் சும்மா தொங்கின. பட்டறைக்குள் லேத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்தேன். மூன்றாம் நடையில் கைபேசி அடித்தது. எடுத்தேன்.

"ஏனுங்க, கொடி வாடுது" என்றாள்.